சன்ஷேடிலிருந்து பாலம்வரை

மாடம்பாக்கம்

தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூரைத் தாண்டி மாடம்பாக்கத்துக்குள் நுழைந்தால், இரண்டு கட்டட மரபுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கலாம். ஒன்று தேனுபுரீஸ்வரர் கோயில். தூங்கானை மாட விமானம் கொண்ட சோழர் காலக் கற்றளி அது. கல்லின்மேல் கல் அமர்ந்து தன் எடையைத் தானே தாங்குகிறது. மற்றொன்று, கோயிலையும் ஏரியையும் சுற்றி எழுந்திருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். அவற்றின் எடையைத் தாங்குவது கான்கிரீட்டுக்குள் மறைந்திருக்கும் முறுக்குக் கம்பி. கோயிலுக்கு வயது பல நூற்றாண்டு. குடியிருப்புகளில் பலவற்றுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் தெருவில் நடக்கும்போது தலையை நிமிர்த்திப் பார்த்தால், விரிசல் விட்டிருப்பது இளைய கட்டடத்தின் சன்ஷேடில்தான். முதலில் பழுப்பாக ஒரு கோடு, பிறகு மயிரிழை விரிசல், பிறகு பூச்சு பெயர்ந்து எலும்புபோல் கம்பி தெரிகிறது. வீட்டுக்காரர் சிமென்ட் குழைத்து அடைக்கிறார், மேலே வண்ணம் பூசுகிறார். இரண்டு மழைக்காலம் கழித்து அதே இடம் மறுபடி பெயர்ந்து விழுகிறது.

இது விதியின் வேலையோ சிமென்ட்டின் குற்றமோ அன்று. நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரத்துக்குள் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உருவாகி, துருவைத் தடுத்து நிறுத்துகிறது. அந்தப் படலம் இரண்டு வழிகளில் குலையும். காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே இறங்கிக் காரத்தைத் தணிப்பது ஒரு வழி. உப்பிலுள்ள குளோரைடு கம்பியைத் தொட்டுப் படலத்தைத் துளைப்பது இன்னொரு வழி. துரு, தான் தின்ற இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. பழைய துருவைச் சுரண்டி எடுக்காமல் மேலே சிமென்ட் அப்பினால், நோய் உள்ளேயே இருக்கும்.

கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரக் குறியீடான ஐஎஸ் 456 இதையெல்லாம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கம்பிக்கு வெளியே எத்தனை மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்பதைச் சூழலுக்கு ஏற்றபடி வகுத்திருக்கிறது: மிதமான சூழலில் 30, கடலோரத்தில் 45, கடல்நீர்த் தெறிப்பு படும் இடத்தில் 50, அலை ஏறி இறங்கும் இடத்தில் 75. கம்பி போட்ட கான்கிரீட்டைக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது. நீராற்றும் நாட்களையும் எண்ணிக் கொடுத்திருக்கிறது. இந்த அறிவை விளக்கும் பாட அமர்வுகள் ஒவ்வோர் ஆண்டும் அரிமான (உலோக அரிப்பு) மாநாடுகளில் நடக்கின்றன. அப்படியிருந்தும் மாடம்பாக்கத்தில் தளம் போடும் நாளன்று, சென்ட்ரிங் பலகைமேல் நிற்கும் மேஸ்திரியிடம் அது ஏன் வந்து சேரவில்லை? அந்த அறிவு பிறந்த ஊருக்கும், அதைக் கடல் சோதிக்கும் ஊருக்கும் போய்வரும் இந்தப் பயணத்தில் கூடவே வருகிற கேள்வி அதுதான்.

தாம்பரம் முதல் பட்டுக்கோட்டை வரை

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, கூடவே ராமேஸ்வரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஒரு புதிய ரயிலும் தொடங்கிவைக்கப்பட்டது. புறநகரின் சன்ஷேடையும் கடல்மேல் பாலத்தையும் ஒரே தண்டவாளம் இணைத்த நாள் அது. விழுப்புரம், சிதம்பரம், மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று டெல்டாவை ஓரமாகச் சுற்றிக்கொண்டு காரைக்குடிக்குப் போகிறது அந்தத் தடம். கொள்ளிடத்தைத் தாண்டியதும் காற்றில் ஈரம் கூடுகிறது. வயலும் வாய்க்காலும் தென்னையுமாக நிலம் பச்சையாகத்தான் இருக்கிறது. ஆனால் கடல் தொலைவில் இல்லை. வேதாரண்யம் பக்கம் உப்பு விளைகிறது. உப்பு விளையும் சீமையில் ஜன்னல் கம்பிக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் போதாது என்பது அங்கே வீடு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும்.

இந்த ரயிலில் போகும் குடும்பங்களின் பையைப் பிரித்தால் புளியோதரையும் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் இருக்கும். அவை இருக்கும் பாத்திரம் பெரும்பாலும் எவர்சில்வர். நாம் பழகிப்போய் மறந்துவிட்ட அரிமானப் பாடம் அந்த டப்பாவிலேயே இருக்கிறது. இரும்போடு நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குரோமியம் சேர்ந்தால், மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. கீறல் விழுந்தாலும் அது தானே மூடிக்கொள்கிறது. எவர்சில்வர் வருவதற்கு முன் நம் சமையலறைகளில் பித்தளையும் செம்பும் ஆண்டன. புளி போட்ட குழம்பு செம்பைக் கரைத்துக் களிம்பேற்றும், களிம்பேறினால் உணவு நஞ்சாகும் என்று பாட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தெருத்தெருவாக வந்தார். உருக்கிய வெள்ளீயத்தை உள்ளே தடவி, பஞ்சால் துடைத்து, பளபளவென்று திருப்பிக் கொடுத்தார். பூச்சு தேய்ந்து செம்பின் சிவப்பு தெரிந்தால் உடனே அவரைத் தேடினார்கள். மேற்பூச்சு இட்டுக் காப்பதும், அது தேயும்போது கண்டுபிடிப்பதும், காலம் தவறாமல் மறுபடி பூசுவதும் அந்த வீடுகளில் நடந்தன. மாநாட்டு அமர்வுகள் அரிமானத் தடுப்பு, அரிமானம் கண்டறிதல் என்று இரு தலைப்புகளில் சொல்லித்தருவதும் இதே மூன்று வேலைகளைத்தான்.

காரைக்குடி

டெல்டாவின் பச்சை பின்வாங்கி செம்மண் தொடங்கும் இடத்தில் காற்று உலர்ந்துவிடுகிறது. காரைக்குடியின் காலைப் பலகாரம் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும். கனத்த இரும்புப் பணியாரச் சட்டியைக் கழுவியதும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நகரத்தார் வீடுகளில் கடல் கடந்து வந்த இரும்புத் தூண்களும் உத்தரங்களும் பர்மாத் தேக்கோடும் சுண்ணாம்புப் பூச்சோடும் கலந்து நிற்கின்றன. கடற்காற்று எட்டாத வறண்ட பூமியில், நீண்டு இறங்கும் ஓட்டுக்கூரைகளுக்குக் கீழே, அந்த இரும்பு தலைமுறை தாண்டியும் நிற்கிறது. ஆனால் ஆள் குடியிராமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளில், ஓடு விலகி மழைநீர் இறங்கிய மூலைகள் வேறு கதை சொல்கின்றன. அதே இரும்பு, அதே பூமி. பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்பதுதான் வித்தியாசம்.

இந்த ஊரில்தான் நாட்டின் மின்வேதியியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஊர்க்காரர்கள் சிக்ரி என்று அழைக்கும் அந்த நிறுவனத்தைச் சார்ந்தே தேசிய அரிமானக் குழு இயங்குகிறது. அரிமானக் கட்டுப்பாட்டுக்கான தேசிய மாநாடுகளையும் அது கூட்டுகிறது. கான்கிரீட் கம்பிக்குப் பூசும் சிமென்ட்–பாலிமர் கலவைப் பூச்சு சிக்ரியில் உருவானது. ஒரு தமிழ் வணிகர் தன் ஊர் மண்ணைக் கொடுத்ததால் பிறந்த அறிவு என்பதால், அது தமிழ்நாட்டுத் தெருக்களில் நடமாட வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை கூடுதலாகவே உண்டு.

இத்தகைய மாநாட்டு அமர்வுகளில் கற்பிக்கப்படுவன மிக அரிய மந்திரங்கள் அல்ல. கான்கிரீட்டைச் சிறிது உடைத்து பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் இருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும், காரம் போன இடம் நிறம் மாறாமல் நிற்கும். நிறமற்ற பகுதி கம்பிவரை வந்துவிட்டதா என்பதைப் பள்ளி மாணவர்கூடச் சொல்லிவிடலாம். செம்பு–செம்பு சல்பேட் மின்வாயைச் சுவரில் வைத்து, கம்பியோடு இணைத்து அளந்தால், மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கும் இடத்தில் துரு வேலை செய்துகொண்டிருக்க நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு என்கிறது ஒரு முறை. எல்லாவற்றுக்கும் முன்னால் சுத்தியலால் தட்டிக் கேட்பது ஒன்று இருக்கிறது. ஒட்டியிருக்கும் கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும், உள்ளே பிரிந்துவிட்டது பொத்தென்று ஒலிக்கும். சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கிய சமூகத்துக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

மின்வேதியியல் படித்தவர்களுக்கே கடினமான பாடம், கொத்தனாருக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் அதை எப்படிச் சொல்லித்தர முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நேர்மையானது, ஆனால் அதன் அடித்தளம் தவறானது. ஈயம் பூசியவர் அயனியைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை. செம்பைத் தொடாமல் புளியைத் தடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தது, அது போதுமானதாக இருந்தது. கம்பி கட்டுகிறவருக்கும் தேவைப்படுவது ஒரு காரணமும் ஓர் அளவும்தான். கம்பியைப் பலகையிலிருந்து விலக்கி நிறுத்தும் கவர் பிளாக்கை வைப்பது பொறியாளர் திட்டுவார் என்பதற்காக என்று நினைக்கும் வரை, அவர் இல்லாத நாளில் ஜல்லித் துண்டு அந்த இடத்துக்கு வந்துவிடும். அந்த 20 மில்லிமீட்டரோ 30 மில்லிமீட்டரோதான் உப்புக்கும் கம்பிக்கும் நடுவே இருக்கும் ஒரே வேலி என்று ஒருமுறை புரிந்துவிட்டால், மேற்பார்வை இல்லாமலே வேலி நிற்கும். அந்தக் காரணத்தை மாநாட்டு மேடையிலிருந்து சாரத்துக்குக் கொண்டுபோக யாருமில்லை என்பதுதான் குறை.

மண்டபம்

ராமநாதபுரம் தாண்டியதும் பனையும் கருவேலமும் மணலுமாக நிலம் ஒடுங்கத் தொடங்குகிறது. மண்டபத்தில் நிலத்தின் இருபக்கமும் கடல். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. மதியச் சாப்பாட்டில் மீன்குழம்பின் புளிப்பும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்தே நாக்கில் ஏறுகின்றன. சைக்கிள் செயின், கதவுக் கொண்டி, கடையின் ஷட்டர் என்று இரும்பான எதுவும் இங்கே சீக்கிரம் கிழடு தட்டிவிடுகிறது. சிக்ரி தன் கடலோரச் சோதனைகளுக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததன் நியாயம் இங்கு நின்றால் விளங்கும். எடைபோட்ட உலோகத் தகடுகளை வெட்டவெளியில் சாய்த்து வைத்து, மாதங்களும் ஆண்டுகளும் கழித்து எடுத்து, துருவைக் களைந்து மறுபடி எடைபோடுவார்கள். குறைந்த எடைதான் காற்று தின்ற இரும்பு. நாட்டின் பல ஊர்களில் இப்படித் தகடுகளை வைத்து அளந்தே இந்தியாவின் அரிமான வரைபடம் தயாரிக்கப்பட்டது.

பாம்பனும் மண்டபமும் இப்படித்தான் இருக்கும், மாடம்பாக்கத்துக்கு இந்தப் பயம் எதற்கு என்று கேட்கலாம். கடல் அங்கிருந்து கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர். காற்றில் வரும் உப்பு கரையிலிருந்து உள்ளே போகப்போக விரைவாகக் குறைந்துவிடும் என்பதும் உண்மைதான். அந்த அளவில் மாடம்பாக்கம் மண்டபம் ஆகாது. ஆனால் உப்பு காற்றில் மட்டும் வருவதில்லை. தென்சென்னையின் கட்டுமானங்கள் ஆழ்துளைக் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பி எழுகின்றன. அந்தத் தண்ணீரின் உப்பளவு தெருவுக்குத் தெரு, கோடைக்குக் கோடை மாறும். நாக்கில் உப்புக் கரிக்கும் தண்ணீரில் கலந்த கான்கிரீட், கடலைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பிறக்கிறது. வெளியே வைக்கும் எந்தப் பூச்சும் அதை எடுத்துவிடாது. கரியமில வாயுவுக்கோ கடலே தேவையில்லை. வாகனங்கள் நெருங்கி ஓடும் வேளச்சேரி நெடுஞ்சாலையின் ஓரத்தில் அதற்குப் பஞ்சமும் இல்லை. மண்டபத்தில் எதிரி கண்ணுக்குத் தெரிகிறான், அதனால் மக்கள் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். மாடம்பாக்கத்தில் அவன் மறைந்திருக்கிறான். கண்டறியும் கல்வி கூடுதலாகத் தேவைப்படுவது அங்கேதான்.

பாம்பன்

சாலைப் பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தால், நீலமும் பச்சையும் கலந்த நீரின்மேல் புதிய ரயில் பாலம் கிடக்கிறது. அதன் அருகேதான் பழைய பாலமும் எழுப்பப்பட்டது. பழையது 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். கப்பல் வந்தால் தொழிலாளர்கள் கையால் நெம்புகோலைச் சுற்றி நடுப்பகுதியின் இரண்டு கைகளையும் உயர்த்துவார்கள். 1964 டிசம்பர் புயலில் பாலத்தின் பெரும்பகுதி கடலில் விழுந்தது, நகரும் நடுப்பகுதி தப்பியது. விழுந்த உத்தரங்களைக் கடலடியிலிருந்து மீட்டு, ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் மறுபடி நிறுத்தினார்கள். ஒரே இரவில் அடித்துவிட்டுப் போன புயலை வென்ற அந்தப் பாலத்தைத் துரு நூறாண்டு காத்திருந்து வென்றது. நடுப்பகுதியின் இரும்பு நலிந்ததால், 2022 டிசம்பரில் ரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது.

இதைக் காட்டி, கடலோடு போராடி ஆகப்போவது ஒன்றுமில்லை, பழசானால் இடித்துவிட்டுப் புதிது கட்டுவதுதான் புத்திசாலித்தனம் என்று வாதிடுவோர் உண்டு. பழைய பாலத்தின் கதை அதற்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. உலகிலேயே இரும்பை மிக வேகமாக அரிக்கும் இடங்களில் ஒன்று என்று பொறியாளர்கள் சொல்லும் நீரிணையில், அது 108 ஆண்டுகள் ரயிலைச் சுமந்தது. இடைவிடாமல் துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி, நலிந்த பாகங்களை மாற்றி வந்த கைகளால்தான் அது முடிந்தது. அந்தக் கைகள் ஐந்தாண்டு ஓய்ந்திருந்தால் பாலத்துக்கு நூறாவது ஆண்டு வந்திருக்காது. இவ்வளவு கொடிய இடத்தில் பராமரிப்பால் ஒரு நூற்றாண்டைச் சம்பாதிக்க முடியுமென்றால், மாடம்பாக்கத்தின் சன்ஷேட் இருபதாவது வயதில் உதிர்வதற்குக் கடலைச் சாக்குச் சொல்ல முடியாது.

புதிய பாலம் 550 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு எழுந்திருக்கிறது. 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும்புகிறது. கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, உத்தரங்களின் மேல் பாலிசிலாக்சேன் பூச்சு. கம்பிக்கு எவர்சில்வர், உத்தரத்துக்கு ஈயப்பூச்சு என்று நம் சமையலறை மொழியில் சொல்லிவிடலாம். ஆனால் ஒருமுறை பூசிவிட்டால் கவலை விட்டது என்ற எண்ணம் வரலாற்றில் பலமுறை தோற்றிருக்கிறது. 1824-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் கப்பல்களின் அடியில் பதித்த செப்புத் தகடு அரிக்கப்படாமலிருக்கத் துத்தநாகத் துண்டுகளையும் இரும்புத் துண்டுகளையும் பொருத்தும் முறையைச் சொன்னார். துண்டுகள் தம்மைக் கரைத்துக்கொண்டு செம்பைக் காத்தன, வேதியியல் வென்றது. ஆனால் செம்பு கரையாததால் கடலுயிர்களை விரட்டிய நஞ்சும் இல்லாமல்போய், சிப்பியும் பாசியும் கப்பலடியில் அப்பிக்கொண்டன. முறையும் கைவிடப்பட்டது. எந்தக் காப்பும் வேறொரு வாசலைத் திறந்துவிடலாம். அதைப் பார்த்துச் சொல்ல அங்கே பயின்ற கண் வேண்டும். டேவியின் அந்த வழி இன்று பொறியாளர்களின் கைத்திறனோடு திரும்பி வந்து, இரும்புக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளாக வேலை செய்கிறது.

அந்தப் பயின்ற கண் பாம்பனில் படித்தவர்களிடம் மட்டும் இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வருமானம் நின்றுபோகும் அந்த நாட்களில்தான் மீனவர்கள் படகைக் கரையேற்றி, அடியைச் சுரண்டி, ஆணியும் தகடும் மாற்றி, வண்ணம் பூசுகிறார்கள். கையில் காசு குறைந்த காலத்திலும் அதைத் தள்ளிப்போடுவதில்லை. காரணம், தள்ளிப்போட்ட வேலை நடுக்கடலில் எதிரே வந்து நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய ஆண்டில் பராமரிப்புக்கென்று ஒரு பருவம் இருக்கிறது. நம் புறநகர்க் குடியிருப்பின் ஆண்டில் அப்படி ஒரு வாரம்கூட இல்லை.

மீண்டும் மாடம்பாக்கம்

ரயில் தாம்பரத்துக்குத் திரும்பும்போது, கேள்விக்கு விடை கிட்டத்தட்ட தயாராக இருக்கிறது. அறிவு காரைக்குடியில் இருக்கிறது. ஒழுங்கு பாம்பன் படகுத்துறையில் இருக்கிறது. இரண்டும் சந்திக்க வேண்டிய இடம் மாடம்பாக்கத்தில் தளம் போடும் மனை. ஆகவே அரிமானக் கல்வியின் முதன்மை வகுப்பறை மாநாட்டு அரங்கிலிருந்து கட்டுமான மனைக்கு நகர வேண்டும் என்பதே இந்தப் பயணம் தரும் முடிவு. மாநாடுகள் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் சந்திக்காமல் புதிய பூச்சும் புதிய கருவியும் பிறக்காது. அங்கே சொன்னதைத் தமிழில், கையில் கவர் பிளாக்கோடும் பினாப்தலீன் குப்பியோடும், சாரத்தின் அடியில் நின்று திரும்பச் சொல்வது வரை மாநாட்டின் வேலையாகக் கருதப்பட வேண்டும்.

சட்டமும் தரக் குறியீடும் இருக்கின்றன, ஒழுங்காக அமல்படுத்தினால் போதாதா என்பது எஞ்சி நிற்கும் எதிர்க்கேள்வி. அமலாக்கம் வேண்டும்தான். ஆனால் கான்கிரீட் ஊற்றிய அடுத்த நிமிடமே கம்பி மறைந்துவிடுகிறது. எந்த அதிகாரியும் எல்லா மனைகளிலும் அந்த நிமிடத்தில் நிற்க முடியாது. நிற்பவர் கம்பி கட்டியவரும், ஜல்லி சுமந்த சித்தாளும், குடை பிடித்துக்கொண்டு பார்க்கும் வீட்டுக்காரரும்தான். சட்டத்தின் கண் எட்டாத இடத்தில் இவர்களுடைய கண் இருக்கிறது. செலவு கூடும் என்ற கவலைக்கும் விடை உண்டு. வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் சேமித்த ஒரு ரூபாய், பராமரிப்பில் 5, பழுதுபார்ப்பில் 25, மாற்றிக் கட்டுவதில் 125 ரூபாயாகத் திரும்பி வரும் என்று டி சிட்டர் என்ற டச்சுப் பொறியாளர் 1984-இல் ஒரு கணக்குச் சொன்னார். அரிமானத்தால் உலகம் இழப்பது மொத்த உற்பத்தியில் 3.4 சதவீதம் என்றும், தெரிந்த முறைகளைக் கையாண்டாலே அதில் 15 முதல் 35 சதவீதம் வரை மிச்சப்படுத்தலாம் என்றும் 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது. தெரிந்த முறைகள் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அந்த இழப்பைக் குறைக்கப் புதிய கண்டுபிடிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வகுப்பு ஒரு காலை நேரத்துக்குள் முடிந்துவிடும். கலக்கும் தண்ணீரை ஒருமுறை சோதனைக்கு அனுப்புவது. கம்பிக்குக் கீழே அளவான கவர் பிளாக் வைத்து, ஜல்லித் துண்டை ஒதுக்குவது. இன்று கடைகளில் பரவலாக விற்கும் கலப்புச் சிமென்ட்டுக்குக் குறியீடு கேட்கும் 10 நாட்களுக்கும் குறையாமல், தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது. குடிவந்த பிறகு, வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய மாதத்தில், குடியிருப்போர் சங்கத்தில் நான்கு பேர் சேர்ந்து சன்ஷேடையும் பால்கனியின் அடிப்பாகத்தையும் மேல்நிலைத் தொட்டியின் சுவரையும் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவது. பொத்தென்று ஒலித்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவது. அந்த வட்டங்களைப் படமெடுத்து வைத்து, அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மறுபடி தட்டி, வட்டம் பெரிதாகியிருக்கிறதா என்று பார்ப்பது. பெரிதாகியிருந்தால் பூச்சுக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால், துருவை முழுக்கச் சுரண்டி எடுத்துக் கம்பியைக் காக்கத் தெரிந்தவரைக் கூப்பிடுவது. பாம்பனில் படகு கரையேறும் 61 நாட்களில் இரண்டே இரண்டு நாட்களை நம் குடியிருப்புகளும் ஒதுக்கினால், இந்தத் தட்டிப் பார்க்கும் வேலை முழுவதும் முடிந்துவிடும்.